"எந்த கிளாஸ் டாக்டரம்மா?" – 15 கிலோ குறைத்த கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி

1/ நீளமான த்ரெட். ஒரு கட்டன் சாயா போட்டு எடுத்துட்டு உட்காருங்க, சீனி இல்லாம.

கடந்த ஒரு வருஷமா என் ஓபிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி அவங்க நோயைப் பத்தி இல்ல. "டாக்டரம்மா, எந்த கிளாஸ்ல சேர்ந்து மெலிஞ்சீங்க?" என்பதுதான். நானும் சிரிச்சுக்கிட்டே, "ஆன்லைன்ல ஒரு சத்துணவு வகுப்பு, முழுக்க தாவர உணவு" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2/ அந்த ஒரு வரி பதில் ஒருத்தருக்கு கால்விரலைப் பறித்துவிட்டது. அதனால்தான் இன்னைக்கு முழுக்கதையையும் எழுதுகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை இங்கே அண்ணாச்சி என்று மட்டும் சொல்கிறேன். அவரிடம் பிறகு வருவோம். முதலில் என் கதை.

3/ எனக்கு வயது 46. நாகர்கோவில் பக்கத்தில் சின்ன கிளினிக். 2024 ஜனவரியில் என் எடை 84 கிலோ, உயரம் 157 செ.மீ. பிஎம்ஐ 34. நம்ம ஆட்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் போனால் உடல் பருமன். நான் அந்தக் கோட்டைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. மூன்று மாத சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 7.6. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த எண்களை நோயாளிகளுக்கு தினமும் விளக்குகிறவள் நான். தெரியாமல் இல்ல.

4/ ஒரு நாள் கடற்கரை ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தாங்க. மீன் விற்கிறவங்க. சுகர் 300-க்கு மேல். வழக்கம்போல ஆரம்பிச்சேன்: எடையைக் குறைக்கணும், நடக்கணும், சோத்தைக் குறைக்கணும். அவங்க என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாங்க. கிண்டலா இல்ல, நிஜமான சந்தேகத்தோடு கேட்டாங்க: "எல்லாம் தெரிஞ்ச ஒங்களாலயே முடியலியே, நான் எப்படிம்மா கொறைப்பேன்?"

பதில் இல்ல. மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

5/ ஆன்லைனில் தாவர உணவு வகுப்புகள் நம் நாட்டில் புதுசு இல்ல. ஆரோவில்லில் இருந்து டாக்டர் நந்திதா ஷா 2005-இல் தொடங்கிய 'ஷரண்' அமைப்பு பல வருஷமா நடத்துது. அமெரிக்காவில் டாக்டர் நீல் பர்னார்டின் அமைப்பு நடத்தும் '21 நாள்' திட்டத்துக்கு இந்தியப் பதிப்பே உண்டு. நான் சேர்ந்தது இவை எதுவும் இல்ல. பதிவு பெற்ற ஒரு டயட்டீஷியன் தமிழில் நடத்தும் சின்ன வகுப்பு. 12 வாரம், சனிக்கிழமை ராத்திரி 8 மணி, ஜூமில். பேரைச் சொல்லப் போறதில்ல. ஏன் என்பது கடைசியில் புரியும்.

6/ முதல் இரண்டு வாரம் கேமராவை அணைச்சு வச்சிருந்தேன். வெட்கம். வகுப்பில் முப்பது பேர் இருப்பாங்க. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர் நர்ஸ் பிள்ளைங்க நாலைந்து பேர், மார்த்தாண்டத்தில் கடை வச்சிருக்கும் ஒருத்தர், ரிட்டயர்ட் டீச்சர்கள். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். நான் டாக்டர் என்று யாரிடமும் சொல்லல.

7/ முதல் வீட்டுப்பாடம்: எதையும் மாத்தாதீங்க, மூணு நாள் சாப்பிட்டதை மட்டும் அப்படியே எழுதுங்க.

எழுதினேன். காலையில் புட்டு, பயறு, பப்படம், ஒரு ஏத்தன்பழம். 11 மணிக்கு சாயா, கூட ஒரு பழம்பொரி. மதியம் சோறு, மீன் கறி, அவியல், பொரிச்ச மீன். சாயங்காலம் ரசவடை. ராத்திரி ஓபி முடிஞ்சு வர 10 மணி ஆகும், தோசையோ பரோட்டாவோ. நடுவில் நோயாளிகள் அன்பா கொண்டுவரும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. இதையெல்லாம் "ருசி பார்த்தது" என்று கணக்கிலேயே வச்சதில்ல.

8/ அந்தப் பட்டியலைப் பார்த்து டயட்டீஷியன் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய்?"

நாலு பேருக்கு ஒரு தேங்காய். அவியலுக்கு அரைச்சது, துவரனுக்குத் துருவினது, மீன் கறிக்கு வறுத்து அரைச்சது. துருவின தேங்காய் 100 கிராமில் சுமார் 350 கலோரி. ஒரு முழுத் தேங்காயை நாலாகப் பிரிச்சாலும் ஆளுக்கு 200 கலோரிக்கு மேல் வரும். அதன் மேல் தேங்காய் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. எங்க வீட்டில் எண்ணெயைக் கரண்டியில் அளந்ததே கிடையாது, குப்பியைக் கவிழ்ப்போம்.

9/ இங்கே ஒரு விஷயம் சொல்லணும். "சைவம் சாப்பிட்டா மெலியலாம்" என்று யாராவது சொன்னால், அவங்க நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததில்ல என்று அர்த்தம். பருப்பு, நெய், சாம்பார், புளிசேரி, அவியல், எரிசேரி, ஏத்தன் சிப்ஸ், பப்படம், அடைப்பிரதமன், அது பத்தாதுன்னு இன்னொரு பாயசம். முழுக்க சைவம். எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும்.

மரச்சீனி தாவரம். மைதா தாவரம். சீனியும் தாவரம்தான். "தாவர உணவு" என்ற பேரில் எடை கூட்டிக்கொள்ளவும் தாராளமா முடியும்.

10/ இதை ஆய்வாகவே செய்திருக்காங்க. 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. அமெரிக்காவில் 2 லட்சம் சுகாதாரப் பணியாளர்களை 20 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. முழுதானியம், பயறு, காய், பழம் என்று சாப்பிட்டவங்களுக்கு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 34% குறைவு. அதே தாவர உணவை வெள்ளை மாவு, இனிப்பு, குளிர்பானம் என்று சாப்பிட்டவங்களுக்கு 16% அதிகம். ரெண்டு கூட்டமும் தாவரம்தான். தட்டுதான் வேற வேற.

11/ வகுப்பில் சொன்ன தட்டு ரொம்ப எளிது. பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பயறு, பருப்பு, கடலை. கால் தட்டு சோறோ கிழங்கோ. எண்ணெய் அளந்து. ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடு. 12 வாரத்துக்கு மீன், முட்டை, பால் இல்லாம ஓட்டிப் பார், அப்புறம் நீயே முடிவு பண்ணு.

வேற எங்கேயோ விளையும் தானியம், விலை கூடின விதை எதையும் வாங்கச் சொல்லல. வடசேரி சந்தையில் கிடைப்பது போதும்னுட்டாங்க.

12/ நான் செய்தது இதுதான். காலையில் சம்பா அரிசிக் கஞ்சி அளவா, கூட சிறுபயறு நிறைய, காணத் துவையல். மதியம் ரெண்டு துவரன். ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் வாழைக்கூம்பு, ஒரு நாள் பயத்தங்காய், மேலே தேங்காய் ரெண்டு ஸ்பூன் மட்டும். பயறு போட்ட மத்தங்காய் எரிசேரி. சோறு ஒரு கரண்டி. 4 மணிக்கு கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு மட்டிப் பழம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மட்டிதான், சின்னப் பழம், அளவா இருக்கும். ராத்திரிச் சாப்பாடு 8 மணிக்குள். ஓபி நேரத்தை மாத்தினேன். அதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம்.

13/ வயிறு நிறைஞ்சும் எடை எப்படிக் குறையுது? 2021-இல் கெவின் ஹால் குழு 20 பேரை நாலு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்க வச்சாங்க. ரெண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, ரெண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த அசைவ உணவு. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். தாவர உணவு வாரங்களில் ஒரு நாளைக்கு சுமார் 690 கலோரி தானாகவே குறைவா சாப்பிட்டிருந்தாங்க. பசிக்குதுன்னு யாரும் கூடுதலா சொல்லவும் இல்ல. காயிலும் பயறிலும் தண்ணியும் நாரும் அதிகம். தட்டு நிறையும், கலோரி நிறையாது. மந்திரம் ஒண்ணும் இல்ல.

14/ "ஆச்சி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பிட்டேன்" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி எழுத எனக்கு இஷ்டமில்ல. எங்க ஆச்சி மெலிஞ்சு இருந்ததுக்குக் காரணம் ஆரோக்கிய ஞானம் இல்ல. வயலில் நட்டது, அறுத்தது, பாதி நாள் பசியோட படுத்தது.

நம்ம மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பியது பஞ்சத்துக்கு மாற்றாகத்தான். ரெண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்னப்போ இந்தப் பக்கத்து ஜனங்களைக் காப்பாத்தினது அந்தக் கிழங்கு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று நம்ம வீட்டில் கெஞ்சுறாங்களே, அதுக்குள்ள அந்தப் பசியோட ஞாபகம் இருக்கு.

15/ அதனால எங்க அம்மைக்கு என் டயட் ஒரு துக்க நிகழ்ச்சி. "என்ன மக்கா, எலும்பும் தோலுமா ஆயிட்ட? டிபி வந்தவ மாதிரி இருக்கா பாரு" என்று பக்கத்து வீட்டில் போய் அழுதுட்டு வந்தா. அப்போ என் எடை 79 கிலோ!

சண்டை போட்டுப் பயனில்ல என்று புரிஞ்சது. அம்மையிடம் போய், "அந்தக் காணத் துவையல் எப்படி அரைப்ப, எனக்கு வரல" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவளே அரைச்சுக் கொடுத்தா. உணவு போடும் கையைத் தட்டிவிடாதீங்க, அந்தக் கைக்கு வேற வேலை கொடுங்க.

16/ இப்போ நான் மறைச்சு வச்ச பாதி.

மூணாவது வாரம், திங்கட்கிழமை, ஓபி நிரம்பி வழியுது. காலையில் கஞ்சி குறைவு, 11 மணி பழம்பொரி நிறுத்தியாச்சு. ஆனா கிளிமிபிரைடு மாத்திரை அதே அளவு. 12 மணிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "என்னம்மா, ஒனக்கு இப்படி வேர்த்து ஊத்துது? கை வெறைக்குதே" என்றாங்க. மருந்துச் சீட்டில் பேனா ஓடல. எழுத்து கோணலா போகுது. என் நர்ஸ் சுகர் பார்த்தா: 54.

17/ சீனி கலக்கின தண்ணி ஒரு டம்ளர் குடிச்சு, பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்த்து, சரியாச்சு. அந்த நிலைமையில் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்திருந்தால்? ஒரு குழந்தைக்கு மருந்து அளவு எழுதிக்கிட்டு இருந்திருந்தால்?

சாப்பாட்டைக் குறைச்சா மாத்திரையையும் மாத்தணும் என்பது எம்பிபிஎஸ் பாடம். நான் எனக்கு நானே டாக்டராக இருந்ததால் அதை யாரும் எனக்குச் சொல்லல. அன்னைக்கு சாயங்காலமே என் சீனியர் மருத்துவரிடம் நோயாளியாகப் போனேன். அவர் முதலில் திட்டினார். அப்புறம் கிளிமிபிரைடை நிறுத்தினார், மெட்ஃபார்மினைத் தொடரச் சொன்னார், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சுகர் சார்ட்டோட வரச் சொன்னார்.

18/ ரெண்டாவது சறுக்கல் எட்டாவது மாசம். ராத்திரி உள்ளங்காலில் ஊசி குத்துற மாதிரி இருந்தது. சர்க்கரையால் நரம்பு போச்சோ என்று பயந்துட்டேன். பார்த்தா பி12 குறைவு. பி12 தாவர உணவில் கிடைக்காது. மெட்ஃபார்மினும் வருஷக்கணக்கில் போட்டால் அதைக் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். வகுப்பில் முதல் மாசமே சொன்னாங்க, நான்தான் "எனக்குத் தெரியாததா" என்று விட்டுட்டேன். மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்தில் அந்தக் குத்தல் நின்னது.

19/ முடிவு என்ன? 12 வாரத்தில் 6 கிலோ. 11 மாசத்தில் 15 கிலோ. 84-இலிருந்து 69. எச்பிஏ1சி 6.1. இப்போ 71-இல் நிக்குது, ரெண்டு கிலோ திரும்பி வந்திருக்கு. கிறிஸ்துமஸ் பலகாரமும் பொங்கலும் காரணம். குறைச்ச எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பு பசியைக் கூட்டிக்கிட்டே இருக்கும். அதோட இருந்து பழகணும். இப்போ மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை மீன் சாப்பிடுறேன். நெத்திலி அவியலை விட மனசு வரல. அதை ஒளிக்கவும் இல்ல.

20/ இப்போ அண்ணாச்சி.

60-ஐ நெருங்கும் வயசு, சின்ன வியாபாரம், 14 வருஷமா சர்க்கரை, ராத்திரி இன்சுலின். ஒழுங்கா மருந்து எடுக்கிறவர். போன வருஷம் ஒரு நாள் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, பாதியா ஆயிட்டீங்களே, என்ன மருந்து?" என்றார். "மருந்து எல்லாம் இல்ல அண்ணாச்சி, ஆன்லைன் கிளாஸ், தாவர உணவு" என்று சொல்லி அனுப்பிட்டேன். வெளியே நாப்பது பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க.

"மருந்து எல்லாம் இல்ல." அந்த மூணு சொல்லைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்கார்.

21/ மகனிடம் சொல்லி போனில் தேடியிருக்கார். கிடைத்தது வேற ஏதோ ஒரு வகுப்பு. பணம் கட்டின மூணாம் நாள், "இன்சுலின்தான் விஷம், இன்னைக்கே தூக்கிப் போடுங்க, 21 நாள்ல சர்க்கரை ஓடிடும்" என்று சொல்லியிருக்காங்க. நிறுத்திட்டார். காலையில் பச்சைக்காய் ஜூஸ், மதியம் பழம். எடை வேகமா குறைஞ்சிருக்கு. சந்தோஷப்பட்டிருக்கார். அது கொழுப்பு கரைஞ்சதால் வந்த மெலிவு இல்ல. சர்க்கரை கட்டுமீறி உடம்பு கரைஞ்சதால் வந்தது.

22/ ஏழு வாரம் கழிச்சு வந்தார். சுகர் 480. வலது கால் சின்ன விரலில் செருப்பு கடிச்ச புண், கருத்துப் போயிருந்தது. வலியே தெரியலையாம். அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரலை எடுக்க வேண்டி வந்தது. பாதம் தப்பியது.

வார்டில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைக் குத்தம் சொல்லல. "நீங்க சொன்ன கிளாஸ்தானேன்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றார். அதைவிட ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

23/ அந்த வகுப்பு நடத்தினவங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. ஆனா என் பங்கை நான் அவங்க தலையில் போட முடியாது. நான் இன்சுலின் போடாதவ. அவர் போடுறவர். நான் கிளிமிபிரைடை நிறுத்தினது இன்னொரு டாக்டர் பார்த்து. எனக்கு சுகர் 54-க்குப் போனது. இதில் ஒண்ணைக்கூட நான் அவரிடம் சொல்லல. ஜெயிச்ச கதையை மட்டும் சொன்னேன். டாக்டர் வாயிலிருந்து வந்தால் கதையும் மருந்துச் சீட்டு மாதிரிதான், ஜனங்க அப்படியேதான் எடுத்துக்குவாங்க.

24/ ஆய்வுகளிலும் இந்த மறைஞ்ச பாதி இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. 2006-இல் பர்னார்ட் குழு சர்க்கரை நோயாளிகள் 99 பேரை வச்சு 22 வாரம் செய்த ஆய்வு எல்லா மேடையிலும் பேசப்படுது. கொழுப்பு குறைந்த தாவர உணவு எடுத்தவங்க சராசரியா 6.5 கிலோ குறைஞ்சாங்க, வழக்கமான டயட்டில் 3.1 கிலோ. நல்ல முடிவு. தாவர உணவுக் குழுவில் 43% பேருக்கு சர்க்கரை மருந்து குறைஞ்சது. எப்படி? வாரா வாரம் கூடி, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் குறைச்சது. தானாகத் தூக்கிப் போட்டது இல்ல.

25/ தாவரம் மட்டும்தான் வழியா என்றால், அதுவும் இல்ல. 2017-இல் பிரிட்டனில் வந்த 'டைரெக்ட்' ஆய்வில் கொடுத்தது பால் கலந்த சூப், ஷேக் வகைகள். ஒரு வருஷத்தில் 46% பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தது. 15 கிலோவும் அதுக்கு மேலும் குறைத்தவங்கள்ல 86%. ஆனா எல்லாருமே நோய் வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவங்க, இன்சுலின் போடாதவங்க. 14 வருஷ அண்ணாச்சி அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

26/ அப்போ எனக்கு எது வேலை செஞ்சது? யோசிச்சுப் பார்த்தா, பாதி தட்டு, பாதி சனிக்கிழமை.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்கள். எல்லாருக்கும் ஆரம்பத்தில் உணவு, நடை பற்றி அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலா செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி. ரெண்டு வருஷத்தில் அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல 27% பேருக்கு நோய் வந்தது. மெசேஜும் வந்தவங்கள்ல 18%. வித்தியாசம் அறிவில் இல்ல. விடாம ஞாபகப்படுத்தினதில்.

27/ எனக்கும் அதேதான். எல்லாம் தெரிஞ்ச எனக்கு, "இந்த வாரம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல்தான் இருந்தது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். ஓபியில் ஒரு ஆளுக்கு எனக்குக் கிடைப்பது நாலு நிமிஷம். அந்த இடைவெளியில்தான் எல்லா வகுப்பும் நுழையுது, நல்லதும் கெட்டதும்.

28/ அதனால வகுப்பு பேர் கேட்காதீங்க. சேருறதுக்கு முன்னால இதைக் கேளுங்க:

• சொல்லிக்கொடுப்பவரின் படிப்பு என்ன? "நான் குறைச்சேன்" என்பது படிப்பு இல்ல.
• உங்க மாத்திரைப் பட்டியலைக் கேட்கிறாங்களா? கேட்காத வகுப்பு வேண்டாம்.
• மருந்தை நிறுத்தச் சொல்றாங்களா? போனை வச்சிடுங்க.
• நாள் குறிச்சு "நோய் ஓடிடும்" என்கிறாங்களா? அதுவும் வேண்டாம்.
• அவங்ககிட்டயே பொடி, டப்பா வாங்கணுமா? அது கடை, வகுப்பு இல்ல.
• பி12 பற்றிப் பேசாமல் தாவர உணவு சொல்றாங்களா? பாதிதான் தெரிஞ்சிருக்கு.

29/ சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டியவங்க:

• இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவங்க. சுகர் திடீர்னு இறங்கும்.
• பேரின் முடிவில் 'கிளிஃப்ளோசின்' என்று வரும் மாத்திரை எடுப்பவங்க. பட்டினியோ, மாவுச்சத்தை ரொம்பக் குறைப்பதோ ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம்.
• பிபி மாத்திரை எடுப்பவங்க. எடை குறைஞ்சா பிபியும் இறங்கும், தலை சுத்தும்.
• கிட்னி பாதிப்பு உள்ளவங்க. கீரை, பழம், இளநீரில் பொட்டாசியம் அதிகம்.
• வார்ஃபரின் எடுப்பவங்க. கீரை அளவு திடீர்னு மாறக்கூடாது.
• கர்ப்பிணிகள், பால் கொடுப்பவங்க.

30/ தாவர உணவுக்குப் போறவங்க பயறு, பருப்பை மறந்துடாதீங்க. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் அளவு. வெறும் சாலட் சாப்பிட்டு எடை குறைத்தால் கொழுப்போட தசையும் போகும். மாடிப்படி ஏறும்போது தெரியும்.

31/ மீன் விக்கிற அக்காவுக்கு என்ன ஆச்சு? அவங்களிடம் தாவர உணவு பேசவே இல்ல. மீன் அவங்க தொழில், சாப்பாடு, காசில்லாத நாளில் கிடைக்கும் ஒரே புரதம். மீனைத் தொடலாம், பொரிக்காம கறி வச்சு. மரச்சீனியும் சோறும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஏதாவது ஒண்ணு, அளவா. கூட முருங்கைக்கீரை, அவங்க வீட்டு வாசலிலேயே நிக்குது. ஆறு மாசத்தில் எச்பிஏ1சி 10.2-இலிருந்து 7.9. வகுப்பும் இல்ல, ஜூமும் இல்ல. ஆனா வாரம் ஒருமுறை என் நர்ஸ் போன் பண்ணி, "அக்கா, இந்த வாரம் எப்படி?" என்று கேட்டா.

32/ இப்போ சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் வராந்தாவில் பத்துப் பதினஞ்சு நாற்காலி போடுறோம். கட்டணம் இல்ல. சாப்பிட்டதை எழுதிக்கிட்டு வருவாங்க, மாத்திரைப் பட்டியலும் கையில் இருக்கும். நான் என் நோட்டையும் எடுத்துட்டு வந்து வாசிப்பேன். போன வாரம் ரெண்டு ரசவடை என்று வாசிச்சதுக்கு நல்ல கைதட்டல்.

33/ அண்ணாச்சியும் வர்றார். இன்சுலின் தொடருது. விரல் இல்லாத காலுக்கு எம்சிஆர் செருப்பு. எடை மூணு கிலோ குறைஞ்சிருக்கு, மெதுவா, இந்தத் தடவை நிஜமா. புதுசா யாராவது வந்து, "டாக்டரம்மா எந்த கிளாஸ்ல சேர்ந்து மெலிஞ்சாங்க?" என்று கேட்டால் எனக்கு முன்னால அவர் பதில் சொல்லிடுவார்:

"மொதல்ல ஒன் மாத்திரைச் சீட்ட எடு. கிளாஸ் பொறவு பாப்போம்."

34/ அவ்வளவுதான். எடை குறைக்கணும்னு இருக்கிற யாருக்காவது இதை அனுப்புறதா இருந்தா, முதல் பத்து போஸ்ட்டை மட்டும் வெட்டி அனுப்பாதீங்க. முழுசா அனுப்புங்க.